பத்தடி முன்னால்

என் மனைவி தினமும் காலையில் நடக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். எண்பதுகளின் ஆரம்பம் அது. அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து இருப்பதாக அன்றைக்குத்தான் தெரிந்தது.

"விடிஞ்சதுலருந்து நடந்துக்கிட்டுத்தான இருக்கேன். கொழாயடிக்கு நாலு நடை, தறிக்குச் சோத்துவாளியத் தூக்கிட்டு ரெண்டு நடை" என்றாள்.

"அது வேலை. நான் சொல்றது கையை வீசி, வேர்க்க வேர்க்க அரை மணி நேரம். மழைக்காலம்னு நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துடும்." கடைசி வார்த்தையை டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவளுடைய அம்மா அப்படித்தான் ஐந்து வருஷம் பாயில் கிடந்து செத்தாள்.

ஒரு பெண் வேலையில்லாமல் தனியாக ரோட்டில் போய்வந்தால் ஊர் என்ன பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நானும் கூடப் போகவேண்டியதாயிற்று. நான் விசைத்தறியில் வேலை பார்த்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் சோறு இறங்காது.

எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ரோட்டில் சேர்ந்து நடக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவன் முன்னால் போவான், அவள் பத்தடி பின்னால் வருவாள். பேசவேண்டியது இருந்தால் அவன் திரும்பாமலே பேசுவான். நாங்களும் அப்படித்தான் நடந்தோம். புளியங்குடி ரோட்டில் ஊரைத் தாண்டி ஓடைப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவோம். எதையோ வாங்கப் போகிறவளைப்போல அவள் கையில் ஒரு காலிப் பை வைத்திருப்பாள்.

பை யாரையும் ஏமாற்றவில்லை. முதல் வாரத்திலேயே டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, தெனமும் மாமியா வீட்டுக்கா?"

"மாமியா வீட்டுக்குன்னா கையில பலகாரம் இருக்கும்லா வே. இது சண்டை. அண்ணாச்சி கோவிச்சுக்கிட்டு ஓடுதாரு, மைனி தொரத்துதாவ."

"அரை மணி நேரத்துல ராசியாயித் திரும்பிருதாவளே, அது எப்படி?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து பத்தடியை முப்பது அடியாக்கினேன். "இன்னுங் கொஞ்சம் முன்னால போனியன்னா புளியங்குடியே வந்துரும்" என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள்.

நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அதற்குத் தேவையும் இல்லை. அவளுடைய ரப்பர் செருப்பு குதிகாலில் அடிக்கிற சத்தம் எனக்குப் பின்னாலேயே வரும். அது நின்றால் நானும் நிற்பேன். மூச்சு வாங்குகிறாள் என்று அர்த்தம். மறுபடி சத்தம் வந்ததும் நடப்பேன். புரட்டாசி முடிவில் டாக்டரம்மா அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொதிப்பு இறங்கியிருக்கிறது, இப்படியே நடந்தால் பயமில்லை என்றார். அன்றைக்கு அவள் வீட்டில் பாயசம் வைத்தாள். சர்க்கரை போடாமல் தனக்கு ஒரு தம்ளர் தனியாக எடுத்துவைத்துக் குடித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வீட்டில் ஒரே ஒரு குடை. அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். உள்ளே பிளாஸ்டிக் தாள் உள்ள சாக்கு. முதுகு நனையாது. ஆனால் காதை மூடிக்கொள்ளும். துளிகள் விழும்போது மண்டைக்குள்ளே தறி ஓடுகிற மாதிரி இருக்கும். செருப்புச் சத்தம் கேட்காது. அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. குடை அவளிடம் இருக்கிறது, வந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை பிறந்து மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில் தூறல் மட்டும் இருந்தது.

"இன்னைக்கு வேண்டாம்ட்டி" என்றேன்.

"மூணு நாளாப் போகல. தலை கனமா இருக்கு, நடந்தாச் சரியாயிரும். எங்கம்மா மாதிரிக் கெடக்க என்னால முடியாதுங்க."

டீக்கடையைத் தாண்டி, வீடுகள் முடிந்து, கரிசல் காடு ஆரம்பிக்கும் இடத்தில் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து மோட்டார் ரூம் ஒன்று உண்டு. "மோட்டார் ரூமுக்கு வெரசலா வா" என்று முன்னால் பார்த்தபடியே கத்திவிட்டு ஓடினேன்.

மோட்டார் ரூமின் கூரை நீட்டலுக்குக் கீழே ஏற்கெனவே இரண்டு பேர் நின்றார்கள். எலுமிச்சை மூட்டை கட்டிய சைக்கிள்களோடு புளியங்குடி சந்தைக்குப் போகிறவர்கள். ஒருவன் டீக்கடையில் என்னைக் கேலி பேசுகிறவன். நான் சாக்கை எடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன். மழை வெள்ளைத் துணி கட்டினாற்போல் மறைத்தது. அவளைக் காணவில்லை. வழியில் ஏதாவது புளிய மரத்தடியில் ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்தேன். ஆனாலும் மனது கேட்காமல் ஒரு காலை மழையில் எடுத்து வைத்தேன்.

"யாரைத் தேடுதிய, மைனியையா?"

"இல்ல, சும்மா."

"கரைஞ்சு போறதுக்கு மைனி என்ன உப்பா அண்ணாச்சி?"

"பொண்டாட்டிய விட்டுட்டு மனுசனுக்கு நாலு நிமிசம் நிக்க முடியல பாத்தியா வே" என்றான் மற்றவன்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மழையில் வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். கேலி பேசியவன் பீடி நீட்டினான். வாங்கிப் பற்றவைத்தேன். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையில் கடிகாரம் இல்லை. இரண்டாவது பீடியும் குடித்தேன் என்பது மட்டும் தெரியும்.

மழை குறைந்ததும் திரும்பி நடந்தேன். அவர்கள் கண்ணுக்கு மறைகிறவரை மெதுவாகத்தான் நடந்தேன். முதலில் குடை தெரிந்தது. ஓர் உடைமரத்தில் சிக்கி மேல்நோக்கி விரிந்து கிடந்தது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் ரோட்டோரப் பள்ளத்தில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். ஓடுகிற தண்ணீர் தோள் வரைக்கும் வந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. இடது கையால் புல்லைப் பிடித்திருந்தாள். கண் திறந்திருந்தது. நான் வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் அந்த இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். கேலி பேசியவன்தான் ரோட்டின் நடுவில் நின்று ஒரு லாரியை மறித்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "விழுந்து எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பத்தாம்மா."

"பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

டாக்டரம்மா அவளுடைய கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. பிறகு என்னைப் பார்த்தார்.

வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ராயகிரியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். "மாப்ள, ஒங்க கண்ணு முன்னாலயா விழுந்தா?" என்று கேட்டார். "ஆமா. தாங்கிப் பிடிக்கதுக்குள்ள விழுந்துட்டா" என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் படுத்திருந்தாள். வந்து விசாரித்த எல்லோரிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல, மடியில் தலையை வைத்து உள்ளங்கால் தேய்த்ததாகவும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

தை மாதத்தில் அவளுக்கு ஒன்றிரண்டு வார்த்தைகள் வந்தன. தண்ணி என்பாள். வலி என்பாள். பங்குனியில் அண்ணன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"புளியங்குடி சந்தையில ஒருத்தன் வேற மாதிரிச் சொல்லுதான் மாப்ள. நீங்க எங்கனயோ நின்னு பீடி குடிச்சுக்கிட்டு இருந்தியளாம்." நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தங்கச்சி பக்கம் குனிந்துவிட்டார். "ஏட்டி, நீ சொல்லு. அன்னைக்கு இவரு எங்கன இருந்தாரு?"

அவள் வாய் வெகுநேரம் அசைந்தது. எச்சில் வழிந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பக்கத்துல" என்றாள்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, மனசுல வச்சுக்காதிய என்றார். சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போனபின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளேதான் பேசினாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நெடுநேரம் ஆயிற்று.

"நான்... கூப்பிட்டேன்."

"கேக்கலட்டி. தலையில சாக்கு இருந்துச்சு. மழை வேற." இன்னும் என்னவோ சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் கேட்டேன், "எத்தனை தடவை கூப்பிட்ட?"

இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தாள். மடக்கினாள். மறுபடியும் விரித்தாள். மறுபடியும் மடக்கினாள். திரும்பவும் விரிக்கப் போனபோது நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.