ஏழு புழுக்களும் ஒரு கொத்து வேப்பிலையும்

என் மாமா பொய் சொன்னார். அம்மாவின் தம்பி, எங்கள் உறுவையாறு கிராமத்து வீட்டிலேயே இருந்து அப்பாவோடு பயிர் வைத்தவர். இன்று ஊரில் நாலு பேர் யோசனை கேட்கும் ஆள். அதனால் பொய் உண்மையாகிவிடாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கு அம்மை போட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் மோட்டார் கொட்டகைப் பக்கத்து எலுமிச்சையிலிருந்து ஏழு பச்சைப் புழுக்களைப் பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். பட்டாம்பூச்சி ஆகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எலுமிச்சை இலை போட்டால் நரம்பைக்கூட விடாமல் தின்னும்.

அம்மை போட்டால் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போகக் கூடாது. வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை. மாமாவிடம் கெஞ்சினேன்.

“மாமா, எலுமிச்ச எல மட்டும் பறிச்சாந்து போடு மாமா.”

“பெரிய பண்ணையாரு. மாட்டுக்குத் தீனி வெக்கச் சொல்றா. போடறேன், படுடி.”

டப்பா கூடத்தில் இருந்தது, நான் உள்ளறையில் கிடந்தேன். தினமும் கேட்பேன். “தின்னுதுங்க. உன்னாட்டம் அடம் புடிக்கல,” என்பார்.

முதல் தண்ணீர் ஊற்றிய அன்று டப்பாவைத் திறந்தேன். ஏழும் சுருங்கி, மூடி ஓட்டைகளுக்கு அடியில் ஒட்டியபடி செத்திருந்தன. கீழே ஒரு வேப்பங்கொத்து வாடிக் கிடந்தது. ஓர் இலையிலும் கடித்த தடம் இல்லை.

என் அழுகை கேட்டு அம்மா ஓடி வந்தாள். மாமா அசரவில்லை.

“ஆத்தா வந்திருக்கற வூட்ல உயிர அடைச்சி வெச்சா சும்மா வுடுவாளாக்கா? அவ எலயத்தான் போட்டேன். அப்பவும் ஏத்துக்கல பாரு.”

அம்மா என்னைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் தம்பிக்கும் அம்மை போட்டது. “எல்லாம் ஒன்னாலதான்டி,” என்றாள் அம்மா. ஒரு தடவைதான் சொன்னாள், எனக்கு அது பல வருடத்துக்குப் போதுமாக இருந்தது. பிறகு ஒரு கோழிக்குஞ்சைக்கூட நான் கையில் எடுக்கவில்லை.

இப்போது மூலக்குளத்தில் என் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். ஒரு பட்டாம்பூச்சி வந்து இலை இலையாக முன்னங்காலால் தட்டிப் பார்த்து, பிறகுதான் முட்டையிட்டது. காலாலேயே ருசி பார்க்குமாம். புழுவுக்கு வாயோரத்தில் ருசி அறியும் நுண்மயிர்கள் உண்டாம். ஆகாத கசப்பு பட்டால் வாயைத் திறக்காது, பட்டினியில் செத்தாலும் சரி. இதையெல்லாம் நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்குப் படிப்பு தேவைப்படவில்லை. நான் அம்மையில் கிடந்த அதே வாரம் தோட்டத்துப் பக்கம் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துக் கத்திரிக்கு அடித்துக்கொண்டிருந்தார். “இத அடிச்சா ஒரு புழு வாய வெக்காது மாமா,” என்று அவர் அப்பாவிடம் சொன்னதைப் படுக்கையிலிருந்தே கேட்டேன். அந்த வாளியின் நாற்றம் உள்ளறைவரை வந்தது. அதையும் டப்பாவில் கிடந்த கொத்தையும் சேர்த்துப் பார்க்க எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

வரும் ஆடியில் கூழ் ஊற்ற எல்லோரும் கூடுவோம். மைக்கைப் பிடித்து வரவேற்பது வழக்கம்போல மாமாதான். மாமா, அதே மைக்கில், அம்மாவும் தம்பியும் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் புழுக்களைக் கொன்றது ஆத்தாவா, நானா, மோட்டார் கொட்டகைவரை நடக்கச் சோம்பல்பட்ட நீங்களா?