கயிற்றுக்கு அந்தப் பக்கம்

வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்து நீச்சல்குளத்தில் ப்ளீச்சிங் பவுடர் போடும் காலைகளில், அந்த வாசனை என்னைச் சிவாஜிநகருக்கே கொண்டுபோய்விடும். இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்தப் பழைய நீச்சல்குளத்துக்கு, சின்ன வயதில் சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகள் நேரத்தில், சுடிதாரை இடுப்பில் முடிந்துகொண்டு, பற்கள் தந்தியடிக்க நாங்கள் இறங்கும் அந்தக் கூச்சலுக்கு. ஆழமான பகுதிக்கு முன்னால் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆழத்தின் அடியில் இருக்கும் இரும்புச் சல்லடையைத் தொட்டு, அதில் படிந்த பாசியைக் கையில் கொண்டுவந்து காட்டினால்தான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இடம் என்பது எங்களுக்குள் சட்டம்.

என் தங்கையே அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் மட்டும் பொடிசுகளோடு நின்றேன். ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் பாதி ஆழத்தில் காது வலிக்கும்; ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து மேலே வந்துவிடுவேன்.

"ஏன்டி, பாப்பாங்களுக்கு ஆயா வேலைக்குச் சேந்துட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா.

"காது வலிக்குதுடி."

"எல்லாருக்கும்தான் வலிக்குது, லூசு! வலிச்சா பாதி தூரம் வந்துட்டேன்னு அர்த்தம். அங்க வரைக்கும் போயிட்டு திரும்பி வந்துடறியே!"

எனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுத்த முறை வலி வந்தபோது, இறங்கவேண்டிய ஸ்டாப்புக்கு முந்தைய ஸ்டாப் வந்ததுபோல இருந்தது. அந்த வலியையும் கூட்டிக்கொண்டு இன்னும் கீழே உதைத்தேன். விரல் நுனியில் வழவழவென்று பாசி.

மேலே வந்தபோது எல்லோரும் வாய் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள், காது அடைத்து எதுவும் கேட்கவில்லை. பாசி அப்பிய கையைத் தூக்கி, "இன்னும் வலிக்குதுடீ!" என்று சிரிப்பும் தண்ணீருமாகக் கத்தினேன், அந்தப் பக்கத்திலிருந்து.