ஓடுபாதையில் பக்கத்து வீட்டுக்காரர்

விமான நிலையத்தின் தீயணைப்புப் பிரிவில் இருப்பவனுக்குக் காத்திருப்பதுதான் வேலை. காலையில் என் ஊர் பாறசாலையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் போவேன். வண்டிகளை ஓட்டிப் பார்ப்போம், குழாய்களைச் சோதிப்போம். சில நாள் பயிற்சிக்காக, விமானம் போல் செய்த ஒரு பழைய இரும்புக்கூட்டுக்கு நாங்களே தீ வைத்து நாங்களே அணைப்போம். மற்ற நேரமெல்லாம் இறங்குகிற, ஏறுகிற ஒவ்வொரு விமானத்தையும் எங்களில் ஒருவர் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே இருப்பார்.

வீடு திரும்பினால் மனைவி கேட்பாள்: "இண்ணைக்கும் எங்கயும் தீப்பத்தல்லியா? சும்மா இருக்கதுக்காக்கும் உங்களுக்கு சம்பளம்."

விளையாட்டாகத்தான் கேட்பாள். ஆனால் நடக்கவே கூடாத ஒன்றுக்காக ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் தயாராக இருப்பது என்ன மாதிரியான உழைப்பு என்று ரயிலில் உட்கார்ந்து நானும் யோசித்திருக்கிறேன்.

எங்கள் விமான நிலையம் ராஜா காலத்தில் கடற்கரை மணலில் சின்ன விமானங்களுக்காகத் தொடங்கியது. பிறகு உள்நாட்டுப் பயணிகளுக்குக் கடலை ஒட்டி ஒரு கட்டிடம், வெளிநாடு போகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் ஒன்று என்று வளர்ந்தது. கட்டிடம் மாறி வந்துவிட்டவர்கள் சாலை வழியாகச் சுற்றித்தான் அடுத்த பக்கம் போக முடியும். ஆனால் வருடத்தில் இரண்டு முறை, பக்கத்துப் பெரிய கோயில் சாமி கடலில் நீராடப் போகும் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்தே போகும். அந்த மாலையில் விமானங்கள் நிற்கும். ஊர்வலம் திரும்பிய பின் உதிர்ந்த பூவைக் கூட்டி, பாதையைச் சோதித்த பிறகுதான் அடுத்த விமானம். நான் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் அந்த மாலைகளில் எனக்கு டியூட்டி விழுந்தால் சந்தோஷப்படுவேன். அத்தனை பெரிய இயந்திரங்கள் ஒரு ஊர்வலத்துக்கு வழி விட்டு நிற்பது பார்க்க நன்றாக இருக்கும்.

எங்கள் வீட்டுப் பக்கம் அப்படி யாரும் வழி விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜங்ஷனில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் சுற்றுச்சுவர் கட்டியபோது எங்கள் வீட்டுக்கு வரும் பாதை குறுகிப்போனது, ஆட்டோ உள்ளே வராது. சர்வே கல் போட்டு அளந்த என் இடம்தான் என்றார் அவர். காலங்காலமாக நடந்த வழி என்றேன் நான். அதோடு பேச்சு நின்றது. ஒரே சர்ச்சில் இரண்டு ஓரங்களில் உட்காரத் தொடங்கினோம்.

ஒரு மழைக்காலப் பிற்பகலில் தீயணைப்புப் பிரிவில் அபாய மணி அடித்தது. பெங்களூரிலிருந்து வரும் விமானத்தில், வேகத்தைக் குறைக்க விரிய வேண்டிய இறக்கைத் தகடுகள் விரியவில்லை, வழக்கத்தைவிட வேகமாக இறங்கும் என்று கண்ட்ரோல் டவர் சொன்னது. வெள்ளி நிற உடுப்பையும் முகம் மூடும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, ஓடுபாதையின் ஓரத்தில் வண்டிகளோடு நின்றோம். அது இறங்கியது. பக்கவாட்டில் விரட்டிக்கொண்டு ஓடினோம். பாதையின் கோடிக்குப் பக்கத்தில் விமானம் நின்றபோது சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சூடான சக்கரம் வெடிக்கும், பக்கவாட்டில் போகக் கூடாது. முன்னாலிருந்துதான் அணுக வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். தீ வரவில்லை. புகை மெல்ல அடங்கியது.

முன்கதவில் படிக்கட்டை வைத்தார்கள். பயணிகளை இறக்கி பஸ்ஸுக்கு அனுப்ப என்னை அங்கே நிறுத்தினார்கள். பாதிப் பேர் இறங்கிய பின் டைல்ஸ் கடைக்காரர் வந்தார். கடைசிப் படியில் அவருக்குக் கால் இடறியது. பிடித்துக்கொண்டேன். என் கையுறையை இரண்டு கையாலும் இறுக்கினார். பஸ் வரைக்கும் அப்படியே நடத்திக்கொண்டு போனேன். ஏறும்போது சொன்னார்: "நீ நல்லா இருப்பே மக்கா."

தொப்பியை எடுத்திருந்தால் என் முகம் தெரிந்திருக்கும். வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது உண்மை. அவர் பயந்து நடுங்கியதை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று தோன்றியதும் உண்மை.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், கடவுள் காப்பாற்றியதைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல அவர் எழுந்தார். "ஜன்னல்ல பாத்தா தீ வண்டிகளெல்லாம் கூடவே ஓடி வருது. அப்பம் தெரிஞ்சு, கதை முடிஞ்சுண்ணு. இறங்கின பிறகு ஒருத்தன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். முகம்கூட காணல்ல. எந்த ஊருக்காரனோ, யாரு பெத்த பிள்ளையோ..." என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். மனைவி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, அது இவருதானாக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாலே?"

"ஆமா அண்ணே."

"பின்ன ஏம்லே சொல்லல்ல?"

"அது என் டியூட்டிதானே."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். நாங்கள் மூவரும் பேசிக்கொண்டே வீடு வரை நடந்தோம். குறுகிய இடத்தில் வழக்கம்போல ஒருவர் பின் ஒருவராகப் போனோம். சுவரைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகும் இல்லை. சுவர் அங்கேயேதான் நிற்கிறது. இப்போது எங்களுக்கு ஆட்டோவில் மூட்டை எதுவும் வந்தால், அதை வீடு வரை தூக்கிவர அவரும் ஒரு கை பிடிக்கிறார்.

போன மாதம் அவர் மகள் டெல்லிக்குப் படிக்கக் கிளம்பினாள். முந்தின நாள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எலே, எந்த சீட்டு எடுத்தா பத்திரம்? உனக்குத்தான தெரியும்."

"எந்த சீட்டானாலும் சரி அண்ணே" என்றேன். பிறகு அவளிடம் சொன்னேன்: "மக்களே, உக்காந்ததும் ஃபோனை எடுக்காத. முன்னாலயும் பின்னாலயும் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்குண்ணு எண்ணி வச்சுக்கோ. பிறகு நிம்மதியா ஒறங்கு."

"எண்ணிட்டு எப்பிடி மாமா ஒறங்கது?" என்று கேட்டாள் அவள்.