கழுதையின் தும்மல்

கணவர் மௌத்தாகி நான் இத்தாவில் இருந்த நாட்கள். கணவனை இழந்தவள் அந்தத் தவணை முடியும்வரை வெளியே போகக் கூடாது. கல்முனையின் வெக்கையில் யன்னலையும் சாத்திவிட்டார்கள். அவரைப் பெற்ற மாமி எனக்குத் துணையாக எங்கள் வீட்டில் வந்து நின்றார். உண்மையைச் சொன்னால், அழுது ஓய்ந்தபின் அந்த அறையில் எனக்கு மூச்சு முட்டியது.

ஒரு பின்னேரம் ஃபோனைத் திறந்தால் எங்கள் ரசிகர் குழுவில் ஒரே கூத்து. சின்ன வயதில் டீவியில் பார்த்த பொம்மைக் கூட்டம் திரும்பவும், இந்த முறை சினிமாவில், வருகிறதாம்.

"எங்கட கழுதை வந்திட்டு!"

"மட்டக்களப்புக்கு வேன் புடிக்கிறம். ஆர் ஆர் வாறீங்க?"

நான் என்னத்தை எழுத? ட்ரெய்லரை மட்டும் போட்டுப் பார்த்தேன். கழுதை பழையபடி பலமாகத் தும்ம, இரண்டு காதும் கழன்று விழுந்தன.

"யர்ஹமுகல்லாஹ்!" தும்மியவருக்குச் சொல்லும் துஆவை மாமி முன் ஹோலிலிருந்து சொன்னார். "என்ன புள்ள, தடிமன் புடிச்சிட்டா?"

நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். மாமி கதவைத் திறந்ததும் சிரிப்பை விழுங்கினேன். மகனைப் பறிகொடுத்தவர் முன்னால் சிரிப்பா?

"நான் தும்மல்ல மாமி. இந்தக் கழுதைதான்."

ஃபோனை வாங்கிப் பார்த்தார். கழுதை மறுபடி தும்மியது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் குலுங்கினேன்.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு ராத்தா யாருக்கோ சொன்னார்: "பாவம், மாமியும் மருமகளும் அழுறாங்க."

அவர் சொன்னது பொய்யென்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

மாமி கண்ணைத் துடைத்தார். குரலைத் தாழ்த்தி, "இன்னொருக்காப் போடு புள்ள" என்றார்.