வடாலாவில் நிற்காத மூன்றாம் சரணம்

மும்பையின் எட்டு பதினேழு லோக்கலில், பெண்கள் பெட்டியில் மாலதிக்கு ஒரு மூலை உண்டு. உட்காரும் இடம் அல்ல. ஜன்னலோர இருக்கைக்கும் தடுப்புக்கும் நடுவில், ஓர் ஆள் ஒடுங்கி நிற்கக்கூடிய இடுக்கு. செம்பூரில் ஏறியதும் போய் அதில் பொருந்திக்கொள்வாள். ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் அவளுக்கு ஃபைல் அடுக்கும் வேலை. நாற்பத்தொரு வயதில், ஒரு நாளில் அவளுக்கென்று இருந்த நேரம் அந்த முக்கால் மணி நேரம்தான்.

தீபாவளி கழிந்த மறுவாரமே அந்தப் பெட்டியில் கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கிவிடும். தொடங்குபவள் நேசகனி அக்கா, தபால் ஆபீஸ்காரி. பாட்டும் மெட்டும் அவளுடையவை. மொத்தம் பதினொரு பேர். நாலு பேர் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் மாலதியைப் போல, பாட்டு பிடித்துப்போய் ஒட்டிக்கொண்டவர்கள். குர்லாவில் ஏறும் பரீஹாவுக்குத் தமிழே தெரியாது. ஆனாலும் டிபன் டப்பாவில் அவள் தட்டுகிற தாளத்துக்கு இணை கிடையாது.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அக்காவும் மாலதியும் மட்டுமே. மற்றவர்கள் வார்த்தைகளை இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். குர்லாவில் கூட்டம் ஏறிவிட்டால் காகிதத்தைக் கண்முன் தூக்கக்கூட இடம் இருக்காது. அப்போது எல்லோரும் மாலதியின் வாயைப் பார்ப்பார்கள். அவள் உதடு ஒவ்வொரு எழுத்தையும் அவ்வளவு துல்லியமாக உருட்டும்.

உதடு மட்டும்தான். அதிலிருந்து சத்தம் வருவதில்லை என்பதை இரண்டு வருஷமாக ஒருவரும் கவனிக்கவில்லை.

தாராவியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஆண்டு விழாப் பாட்டில் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளி, "நீ வாய மட்டும் அசை, போதும்" என்று சொல்லியிருந்தார்கள். அவள் குரல் கனமானது. தரையோடு தரையாகப் போகும் குரல். அன்று அசைக்கத் தொடங்கியவள் கோயில் கொடையிலும் தாலாட்டிலும்கூட அப்படியே அசைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

ஆனால் வடாலா ஒன்று இருந்தது.

இரண்டாம் சரணம் முடியவும் ரயில் வடாலாவுக்குள் நுழையவும் சரியாக இருக்கும். அந்தேரிப் பக்கம் மாறிப்போகிறவர்கள் மொத்தமாக இறங்குவார்கள். "உதர்னா ஹை, உதர்னா ஹை" என்று பைகள் முட்டும். வழியில் நிற்கிற பாட்டுக்காரர்கள் ஒதுங்கி, பையை வயிற்றோடு அணைத்து, துப்பட்டாவை இழுத்துக்கொள்வார்கள். பாட்டு தானாக நிற்கும். ரயில் நகர்ந்த பிறகு மூன்றாம் சரணம்.

மாலதி மட்டும் தன் இடுக்கில் நகர வேண்டியதில்லை. அந்த ஒரு நிமிஷக் கூச்சலில் ஜன்னல் கம்பியோடு வாயை வைத்து, மூன்றாம் சரணத்தை அவள் நிஜமாகவே பாடுவாள். எல்லோருக்கும் கடைசியாகத் தொழுவத்துக்கு வந்து சேர்ந்த ஓர் இடையனைப் பற்றிய சரணம் அது. 'பிந்தி வந்தேன் நானும் ஐயா, வாசலோரம் இடம் உண்டோ.' மார்கழிப் புகையில் தண்டவாளங்கள் பாதி தெரியும், பாதி தெரியாது. அவள் குரல் அந்தப் புகைக்குள் இறங்கி, அறிவிப்புச் சத்தத்தின் அடியில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிவரும். ரயில் கிளம்பியதும் எல்லோரோடும் அதே சரணத்துக்கு வாயசைப்பாள்.

இந்த வருஷம் அக்கா ஒரு செய்தியோடு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, செம்பூரில் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் மாலைப் பாட்டு நிகழ்ச்சி. ஆறு குழுக்கள் பாடுகின்றன. ஏழாவது இவர்கள்.

"நாம ரயில்ல கத்துதவிய அக்கா. அங்கன பியானோலாம் இருக்கும்" என்றாள் மாலதி.

"இருந்துட்டுப் போவுது. பியானோ நம்மள கடிச்சா வைக்கும்? நீ நடுவுல நில்லு. மைக்கும் அங்கனதான்."

மாலதி தன் இடுக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டாள். "நான் வரலக்கா. வீட்டுல வேல கெடக்கு."

"ஏட்டி, உன் வாயப் பாத்துதான் பாதிப் பேரு பாடுதாளுவ. நீ வரலைன்னா இவ பாட்டுக்கு இயேசுவ இந்திக்காரர் ஆக்கிருவா" என்று அக்கா பரீஹாவைக் காட்டினாள்.

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்து, "க்யா போலா? க்யா போலா?" என்று பரீஹா டப்பாவைத் தட்டினாள்.

மாலதி அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். மைக்கின் முன்னால் வாயை மட்டும் அசைத்தால் அகப்பட்டுக்கொள்வாள். பாடினால் அந்தக் குரல் வெளியே வந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும், அந்த மூலையில் போய் மறுபடி நிற்க முடியாது. பாட்டை விடவும் அந்த மூலையை இழப்பதுதான் அவளுக்குத் தாங்காது போலிருந்தது.

ஞாயிறு வந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. கணவன் மாரிசெல்வம் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, "நான் வாசல் கேட்டுப் பக்கம் நிக்கேன். உள்ள வந்தா தூங்கிருவேன்" என்றான்.

கோயிலுக்குள் காகித நட்சத்திரங்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. மெழுகு வாசனை. அவ்வளவு பெரிய அமைதியை அவர்கள் பதினொரு பேரும் சேர்ந்து கேட்டதே இல்லை. தண்டவாளத்தின் தடதடப்பு இல்லாமல் கால்கள் நிலைகொள்ளவில்லை. அக்கா கையைத் தூக்கினாள். பல்லவி வந்தது. மாலதி மைக்கிலிருந்து அரையடி தள்ளி நின்று உதட்டை உருட்டினாள். முதல் சரணம் போயிற்று. இரண்டாம் சரணமும் போயிற்று.

அதன் கடைசிச் சொல் முடிந்ததும் குழு மொத்தமும் பாட்டை நிறுத்தியது.

ஒருவரும் சொல்லாமல், ஒரே சமயத்தில். அரையடி ஒதுங்கினார்கள். துப்பட்டாக்கள் உள்ளே இழுபட்டன. நேசகனி அக்காவே கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இறங்குவதற்கு யாரும் இல்லாத அந்தக் கோயிலில், இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

மாலதியின் வாய் அதற்குள் திறந்திருந்தது. உடம்புக்கு வடாலா வந்துவிட்டது. மூடுவதற்கு அவகாசமே கிடைக்கவில்லை.

'பிந்தி வந்தேன் நானும் ஐயா...'

அது தன் குரல்தானா என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கனமாக, நிதானமாக, கல்தரையில் தண்ணீர் பரவுவதுபோல அது இருக்கைகளுக்கு அடியில் போனது. தூண்களைத் தொட்டுவிட்டுத் திரும்பி அவளிடமே வந்தது. நட்சத்திரங்கள் ஒரு கணம் ஆடாமல் நின்றதாகத் தோன்றியது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே அடுத்த அடியையும் பாடிவிட்டாள். 'வாசலோரம் இடம் உண்டோ' என்ற இடத்தில் குரல் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

அக்கா மற்றவர்களை நோக்கி உள்ளங்கையைக் காட்டினாள். சரணம் முடியும்வரை அது இறங்கவில்லை.

நாலாம் சரணத்தில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் மாலதி தன் சுருதியிலேயே இருந்தாள். அவள் அளவுக்குக் கீழே இறங்க முடியாமல் இரண்டு பேருக்குத் தொண்டை கரகரத்தது, ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைதட்டல் வந்தபோது மாலதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கேக் கொடுத்தார்கள். அக்கா ஒரு துண்டோடு அவளை மறித்தாள்.

"இம்புட்டு நாளும் வாய மட்டுமா அசைச்ச?"

மாலதி தலையாட்டினாள்.

"களவாணி" என்றாள் அக்கா. கேக்கில் பாதியைப் பிட்டு அவள் கையில் வைத்தாள். "நாளைலருந்து சுருதிய எறக்கணும். அவளுவ தொண்ட பழகட்டும். உன் தொண்டைக்கு நாம என்ன செய்ய முடியும்?"

பரீஹா வந்து, மாலதியின் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

கேட்டுக்கு வெளியே மாரிசெல்வம் ஸ்கூட்டரைத் திருப்பி வைத்திருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தெரு முழுக்க டிசம்பர்க் குளிர். விளக்குகள் புகைக்குள் மிதந்துகொண்டிருந்தன. சிக்னலில் வண்டி நின்றது.

"ஸ்பீக்கர்ல கேட்டேன்" என்றான் அவன், திரும்பாமல். "நடுவுல ஒரு பொம்பள தனியா பாடுனாள்லா. யாரு அது? அந்தத் தபால் ஆபீஸ்காரியா?"

"நான்தான்."

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது, அதன் பின்னால் இன்னொன்று. மாரிசெல்வம் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.