மடியில் மூடியிருந்த புத்தகம்

சி.ஏ. தேர்வின் தணிக்கைத் தாளில் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் படிப்பை விட்டுவிடுவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அலுத்துப் போயிருந்தது.

அன்று வலங்கைமானில் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறியபோது நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என் பையையும் புத்தகத்தையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிரித்துப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னங்க, எல்லா வரியிலயும் மஞ்சள் அடிச்சிருக்கீங்க? அடிக்காதத மட்டும் படிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்போல.”

“முக்கியமானத குறிச்சிருக்கேங்க.”

புத்தகத்தை மூடினாள். “சரி, நேத்து அடிச்சதுல ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

தலைப்பைச் சொன்னேன். பக்க எண்ணையும் சொன்னேன். அதன் கீழே ஏழு காரணங்கள் உண்டு, ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இரண்டு வருடமாகப் படிப்பதாக நினைத்து வண்ணம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டது.

“தஞ்சாவூருக்கு இன்னும் நேரம் இருக்குங்க. யோசிங்க” என்றாள். அதுவரை புத்தகத்தைத் திருப்பித் தரவேயில்லை.

இறங்குவதற்குள் ஏழில் நான்கு நினைவுக்கு வந்தன.

அதன்பிறகு ஒவ்வொரு பாடத்தையும் புத்தகத்தை மூடிவைத்து வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தேன். வராததற்கு மட்டும் மஞ்சள் அடித்தேன். மூன்றாவது முறை தேறிவிட்டேன். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவளைப் பார்த்த வாரம் வாங்கிய மஞ்சள் மார்க்கர் இன்னும் தீரவில்லை.