ஓணத்துக்குப் பூத்த சூரியகாந்தி

மாடக்கண்ணுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தென்காசியிலிருந்து சுரண்டை போகிற ரோட்டை ஒட்டி இரண்டு ஏக்கர், ஒரு கிணறு. அண்ணன் பட்டாளத்துக்கும் தம்பி போலீசுக்கும் போய்விட, நிலம் இவர் தலையில் விழுந்தது. விழுந்ததை இறக்கி வைக்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வைகாசிக் கடைசியில் சூரியகாந்தி விதைப்பார். ஆடியில் பூக்கும். ஆவணி வெயிலில் வெட்டிக் காயவைத்து, கம்பால் அடித்து மணி எடுப்பார். ஊருக்கு அது பூத்து நிற்பதுதான் அழகு. அவருக்கோ, மணி முற்றிப் பூத்தலை கவிழ்ந்து தொங்குகிற அந்த ஒரு வாரம்தான் அழகு.

மணி வாங்கும் வியாபாரி பாரூக் மூன்று வருஷமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"கப்பல் கப்பலா எண்ணெய் வந்து எறங்குது அண்ணாச்சி. மில்லுக்காரன் நம்ம மணியைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கான். நான் என்ன செய்ய?"

மாடக்கண்ணு கடலைப் பார்த்ததே திருச்செந்தூரில்தான். அங்கே கப்பல் எதுவும் நிற்கவில்லை. எந்தச் சீமையிலோ எவனோ விதைத்ததற்குத் தன் வயலில் விலை விழுவது அவருக்கு நியாயமாகப் படவில்லை. விதையும் உரமும் மட்டும் விலை இறங்கவே இல்லை.

அப்போதுதான் அந்தக் கேரளக் கார் வந்தது. குற்றாலத்தில் குளித்த ஈரத் தலையோடு ஆறு பேர் இறங்கி, பூவுக்குள் புகுந்து படம் எடுத்தார்கள். மாடக்கண்ணு கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். படம் போனுக்குப் போன் பரவி, மறுநாள் பதினாறு வண்டிகள் நின்றன. அவர் மனைவி மாடத்தி வயலைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆளுக்கு இருபது ரூபாய் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்.

"ஏட்டி, பூவப் பாக்கதுக்குத் துட்டா? ஊர் சிரிக்கும்."

"மணிய வித்துட்டு வந்தப்பவே ஊர் சிரிச்சாச்சு."

மகள் அனுசியாவின் நர்சிங் பீஸ் அந்தப் பூவில்தான் கட்டியாயிற்று. பூத்தலைகள் கவிழ்ந்ததும் வண்டிகள் நிற்காமல் போயின. மாடக்கண்ணுவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. கயிற்றை அவரே அவிழ்த்தார்.

அடுத்த வருஷம் மாடத்தி ஒரு யோசனை சொன்னாள்.

"இந்தத் தடவ ஓணம் ஆவணிக் கடைசியில வருது. அவங்களுக்குப் பத்து நாள் லீவு. அப்பப் பூத்திச்சுன்னா ரெண்டு மடங்கு கூட்டம் வருமே."

விதைத்து அறுபது நாளில் பூக்கும். அப்படியானால் ஆடி பிறந்துதான் விதைக்க வேண்டும். மணி முற்றும்போது ஐப்பசி மழை வந்துவிடும். மழை குடித்த பூத்தலை அழுகும். பூ வேண்டுமென்றால் மணி இல்லை. மணி வேண்டுமென்றால் கூட்டம் இல்லை. இது மாடத்திக்கும் தெரியும்.

வைகாசிக் கடைசியில் மண்ணில் நல்ல பதம் இருந்தது. மாடக்கண்ணு விதைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வயல்வரைக்கும் போனார். ஈர மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். அனுசியாவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு கிடந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பி வந்தார்.

ஓணத்துக்கு வயல் குலுங்கப் பூத்தது. மாடத்திக்கு உட்கார நேரமில்லை. மாடக்கண்ணு, போலீஸ்காரத் தம்பி கொடுத்த விசிலை ஊதி, ரோட்டோரத்தில் கார்களை ஒதுக்கி நிறுத்தினார். அந்த வேலையும் அவருக்கு நன்றாகவே வந்தது.

ஐப்பசி பிறந்ததும் நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் பழக்க தோஷத்தில் அரிவாளோடு வயலுக்குப் போனார். பூத்தலைகள் கறுத்துத் தொங்கின. ஒன்றை ஒடித்துக் கட்டைவிரலால் தேய்த்தார். மணி கூழாக வந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் வெட்டாமல் விட்ட முதல் வெள்ளாமை அது. அழுகை வந்தது. துண்டால் கையைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

ரோட்டில் ஒரு கார் நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"சேட்டா, பூ இல்லே?"

"முடிஞ்சிட்டு."

கார் நகரப் போனது. மாடக்கண்ணு கையைத் தட்டி அதை நிறுத்தினார்.

"சார், அடுத்த வருஷம் ஓணம் என்னைக்கு வருது?"

அவர் போனில் பார்த்துத் தேதி சொன்னார். மாடக்கண்ணு அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரல்களை மடக்கி அறுபது நாள் பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார்.